24 நாள் குட்டிகள் ஏழு: பாலை எப்படி மறக்கடிப்பது?

ஜன்னலோரம் கேட்டது:

வணக்கம். எங்கள் நாய் மின்னி குட்டி போட்டு இன்றோடு 24 நாள். அவளுக்கு முதல் ஈற்று, எனக்கும் இதுதான் முதல் தடவை. நடுத்தர உயரம், சினையாவதற்கு முன் 18 கிலோ இருந்தாள். ஏழு குட்டிகள், ஏழும் பிழைத்துக்கொண்டன.

மூன்று வாரம் வரை அவள் எனக்கு வேலையே வைக்கவில்லை. பால் கொடுப்பது, நக்கி நக்கி மூத்திரம் போக வைப்பது, கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எல்லாம் அவளே. நான் விரிப்பை மாற்றுவேன், காலையில் ஒவ்வொரு குட்டியையும் சமையலறைத் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான்.

நாலு நாளாக நிலைமை மாறிவிட்டது. குட்டிகள் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதே மின்னி எழுந்துவிடுகிறாள். காம்பைப் பிடித்துத் தொங்கியபடியே இரண்டடி வந்து ஒவ்வொன்றாகப் பொத்தென்று விழுகின்றன. ஈறில் விரல் வைத்துப் பார்த்தேன், ஊசி மாதிரிப் பல் குத்துகிறது. நேற்று ஒரு குட்டி மடியை நெருங்கியபோது மெதுவாக உறுமினாள். அவளுக்குக் குட்டிகள் பிடிக்காமல் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

மூன்று வாரம் முடிந்துவிட்டதே, தட்டில் பால் வைத்துப் பார் என்று வீட்டில் சொன்னார்கள். பசும்பாலில் தண்ணீர் கலந்து வைத்தேன். ராத்திரிக்குள் இரண்டு குட்டிகளுக்குக் கழிச்சல். இன்று காலை மின்னி தான் சாப்பிட்டதைக் குட்டிகளின் முன்னாலேயே வாந்தி எடுத்தாள், அவை ஓடிவந்து அதைத் தின்றன. நான் பதறிப்போய் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை சுண்டு. பிறந்தபோது 230 கிராம், மற்றவை 300-க்குப் பக்கத்தில். 21-ஆம் நாள் 760 கிராம் இருந்தாள். இன்றும் அதே 760. மற்றவை 1,200-ஐத் தாண்டிவிட்டன. வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் பாலை எடுத்து வாயில் ஊற்றிவிடலாமா?

இன்னொன்று. ஐந்தாம் வாரத்திலேயே குட்டி வேண்டும் என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தூறல் எழுதியது:

முதலில் பசும்பாலை நிறுத்திவிடுங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பால் சர்க்கரை பசும்பாலில்தான் அதிகம். அந்தச் சர்க்கரை செரிக்காமல்தான் கழிகிறது. நீங்கள் தண்ணீர் வேறு கலந்திருக்கிறீர்கள், அதனால் குட்டிக்குச் சத்தும் கிடைக்கவில்லை. பால்தான் கொடுக்க வேண்டும் என்றால் நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவு இருக்கிறது, அதை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

சிரிஞ்சால் ஊற்றவே ஊற்றாதீர்கள். தாயில்லாத மூன்று குட்டிகளை ஒருமுறை எடுத்து வளர்த்தேன். குழந்தைக்குக் கொடுப்பதுபோல மல்லாக்கப் போட்டுப் பால் கொடுத்ததில் ஒன்றுக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. மறுநாள் நெஞ்சில் களகளவென்று சத்தம். நுரையீரலுக்குள் பால் போயிருக்கிறது என்றார் மருத்துவர். அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. குட்டி எப்போதும் வயிறு கீழே இருக்கும்படி நான்கு காலையும் ஊன்றி, தலையை லேசாகத் தூக்கி, தானாகச் சப்பிக் குடிக்க வேண்டும். சப்பத் தெம்பில்லாத குட்டியை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதுவும் ஊட்டக் கூடாது. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் அசையாது, கொடுத்தது அப்படியே உள்ளே தங்கிக் கெட்டுப்போகும். முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால்.

மாடிப்படி எழுதியது:

ஜன்னலோரம், நீங்கள் எடையை எழுதிவைக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இதுவரை ஐந்து ஈற்றுக் குட்டிகளை வளர்த்திருக்கிறேன். முதல் ஈற்றில் நாள்காட்டியைப் பார்த்துப் பாலை நிறுத்தினேன். சரியாக நாலு வாரம் ஆனதும் தாயைப் பகல் முழுக்க வேறு அறையில் விட்டுவிட்டுக் குட்டிகளுக்குக் கெட்டியான சாப்பாடு வைத்தேன். ஆறு குட்டிகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. எல்லாவற்றிலும் சின்னது தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதன் தாடை நனைந்திருந்ததைப் பார்த்து, அதுவும் சாப்பிட்டுவிட்டது என்று நம்பினேன். உண்மையில் மற்றவை தட்டில் குதித்துத் தெறித்த ஈரம் அது. நான் எடை பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அது கூட்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. தாய்க்கும் திடீரென்று பால் கட்டிக்கொண்டு கடைசி இரண்டு காம்புகள் கல் மாதிரி வீங்கிக் கருநீலமாகிவிட்டன. காய்ச்சல் தணிந்து மடி குணமாகப் பத்து நாள் ஆனது. அதிலிருந்து எந்தக் குட்டியையும் தராசில் வைக்காமல் நான் ஒரு நாளும் விட்டதில்லை.

அதனால் சுண்டுவுக்குத்தான் முதல் இடம். மூன்று நாள் எடை ஏறாத குட்டியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நலமாக இருக்கும் குட்டி பிறந்து எட்டுப் பத்து நாளில் இரண்டு மடங்காகிவிடும், அதன் பிறகும் தினமும் கொஞ்சமாவது ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு பானை, முதுகெலும்பு தெரிகிறது என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது குடற்புழு. பூச்சி மருந்து கொடுத்தீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடும், பால் வழியாகவும் வரும். தாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் இரண்டாம் வாரத்தில் தொடங்கி 4, 6, 8 வாரங்களில் திரும்பத் திரும்பப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அளவு எடையை வைத்துத்தான் என்பதால் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மின்னிக்கும் சேர்த்துக் கேளுங்கள். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் வெள்ளை நூல்போலப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், நல்லதுதான். மலத்தை உடனுக்குடன் எடுத்துவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்தப் புழுவின் முட்டை மனிதர்களுக்கும் ஆகாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி மின்னி விஷயம். அவளுக்குக் குட்டிகள் பிடிக்காமல் போகவில்லை. ஊசிப் பல் மடியில் குத்துகிறது, எழுந்துவிடுகிறாள். நம்முடைய நாள்காட்டியைப் பார்க்காமல் அவளே பால் மறக்கடிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மெல்லிய உறுமலும் பாடம்தான், கடிக்காத வரை தடுக்க வேண்டாம். வாந்தி எடுத்ததும் நோயில்லை. பாதி செரித்த சாப்பாட்டைக் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுப்பது ஓநாய் வழியில் வந்த பழக்கம், மின்னி அவற்றுக்கு முதல் கவளம் ஊட்டியிருக்கிறாள். அவள் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டு தெம்பாக இருந்தால் அடுத்த முறை துடைக்காமல் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் ஒரு வேலை மட்டும் இருக்கிறது: குட்டிகளின் நக நுனியை வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். பால் குடிக்கும்போது முன்னங்காலால் மடியைப் பிசையும் அல்லவா, நகம் கீறித்தான் புண் வருகிறது, புண் வழியாகத்தான் கிருமி நுழைகிறது.

சரி, சாப்பாடு. குட்டிகளுக்கான உலர்ந்த தீவனத்தில் ஒரு பங்கு எடுத்து மூன்று பங்கு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கட்டி ஒன்றுகூட இல்லாமல் விரலால் மசியுங்கள். கரண்டியில் எடுத்தால் ஒழுக வேண்டும், அவ்வளவு நீர்க்க இருந்தால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. விளிம்பு தாழ்ந்த தட்டையான தட்டு வேண்டும். ஏழு பேருக்கு ஒரு தட்டு போதாது, இரண்டு வையுங்கள், சுண்டுவுக்கு மூன்றாவதாகத் தனித்தட்டு. கழிச்சல் நின்றதும் ஆரம்பியுங்கள். இன்னும் ஒரு நாள் தாய்ப்பாலில் மட்டும் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மின்னியை வெளியே கூட்டிப்போங்கள். வயிறு நிறைந்த குட்டி தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் நாள் நடப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தட்டுக்குள் நடக்கும், உட்காரும், மூக்கை முக்கிவிட்டுத் தும்மும், ஒன்றின் காதில் ஒட்டியதை இன்னொன்று நக்கும். முகத்தைப் பிடித்துத் தட்டில் அமுக்காதீர்கள், மூக்குக்குள் போய்விடும். விரல் நுனியில் தொட்டு உதட்டுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். நக்கியதும் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டை நோக்கி இறக்குங்கள். நாக்கு விரலோடு சேர்ந்து கீழே வரும். ஒரு கட்டத்தில் விரலை எடுத்துவிட்டாலும் நாக்கு தட்டிலேயே இருக்கும். அந்த ஒரு நொடியைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு ஈற்றிலும் தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பேன்.

இருபது நிமிடம் கழித்து மின்னியை உள்ளே விடுங்கள். தட்டையும் நக்குவாள், குட்டிகளையும் நக்கித் துடைத்துவிடுவாள், கட்டியிருக்கும் பாலையும் குடிக்கக் கொடுப்பாள். முதல் இரண்டு நாள் ஒரு வேளை, அப்புறம் இரண்டு, ஐந்தாம் வாரத்துக்குள் நாலு வேளை. ஒவ்வொரு வேளை கூடும்போதும் தாய் வெளியே இருக்கும் நேரமும் தானாகக் கூடும், பாலும் மெதுவாக வற்றும். நீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏழெட்டு வாரத்தில் உலர்ந்த தீவனத்தையே மென்று தின்பார்கள். ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மிச்சத்தை அரை மணிக்கு மேல் விட்டுவைக்காதீர்கள், புளித்துவிடும்.

சுண்டுவுக்கு இன்னொரு சலுகை: ஒரு நாளைக்கு மூன்று முறை மற்ற ஆறையும் எடுத்துவிட்டு அவளை மட்டும் மின்னியோடு கால் மணி நேரம் விடுங்கள். பின்பக்கக் காம்புகளில் பொதுவாகப் பால் அதிகம், அங்கே கொண்டுபோய் வையுங்கள். குடிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் எத்தனை கிராம் உள்ளே போனது என்று தெரிந்துவிடும். தாடை ஈரத்தை நம்பாதீர்கள்.

நீலக்கதவு எழுதியது:

மாடிப்படி அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், தாயின் உடம்பைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் சின்ன ஜாதி நாய்க்கு ஆறு குட்டிகள். 19-ஆம் நாள் சாயங்காலம் சும்மா இருக்கும்போதே மூச்சிரைத்தது, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியது, பின்னங்கால் விறைத்து நடந்தது. குளிர் என்று நினைத்து நான் போர்த்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வந்துவிட்டது. ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருவது இது, பால் அதிகமாகச் சுரக்கும் முதல் நாலு வாரத்தில்தான் பெரும்பாலும் வரும். நரம்பில் கால்சியம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். மின்னியிடம் இப்படி எதையாவது பார்த்தால் ராத்திரி எந்நேரமானாலும் குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்குப் பயந்து, சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரையை நாமாகக் கொடுக்கவும் கூடாது. அப்படிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு குறைத்துவிடும், பால் சுரக்கும் நேரத்தில் தடுமாறும்.

இப்போது அவளுக்கு வழக்கமான சாப்பாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். குட்டிகளுக்கான தீவனத்தையே அவளுக்கும் கொடுக்கலாம். குட்டிகள் தட்டுக்குப் பழகப் பழக அவளுடையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பால் வற்ற அது உதவும். மடியைத் தினமும் தடவிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் சூடாக, கெட்டியாக, நிறம் மாறித் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஜன்னலோரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றே சுண்டுவைக் காட்டிவிட்டேன். பூச்சி மருந்து நான் கொடுக்கவே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு பேருக்கும் மின்னிக்கும் கொடுத்தாயிற்று. இன்று காலை சுண்டுவின் மலத்தில் புழுக்கள், எண்ணினால் ஒன்பது. இவ்வளவு சின்ன வயிற்றுக்குள் இத்தனையா என்று அழுகை வந்துவிட்டது. எடை 775. பதினைந்து கிராம்தான், ஆனால் ஏறியிருக்கிறது!

விரல் வழியாகத் தட்டுக்கு இறக்கும் வித்தை நாலு குட்டிகளிடம் முதல் தடவையிலேயே பலித்தது. சுண்டு விரலை மட்டும்தான் நக்குகிறாள், தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாடிப்படி அக்கா, ஐந்தாம் வாரத்தில் குட்டி கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

மாடிப்படி எழுதியது:

விரலை நக்கினால் பாதி வந்துவிட்டாள், அவசரப்படுத்தாதீர்கள். தட்டைத் தரையில் வைக்காமல் உங்கள் உள்ளங்கையில் ஏந்திக் காட்டிப் பாருங்கள். சில குட்டிகளுக்குத் தட்டின் குளிர்ச்சி பிடிக்காது.

ஐந்தாம் வாரத்தில் கொடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகட்டும். தீவனம் தின்னத் தெரிந்துவிட்டது, இனி தாய் எதற்கு என்று கேட்பார்கள். ஐந்து முதல் எட்டு வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைக் கவனியுங்கள். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். கடித்ததும் திகைத்து நிற்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. இந்தப் பாடம் இல்லாமல் சீக்கிரமே பிரிந்துபோன குட்டி புது வீட்டில் கையைக் கடித்துத் திட்டு வாங்கும், பாவம், அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மனதில் பதிவது ஆயுளுக்கும் நிற்கும். தினமும் ஒவ்வொன்றையும் தனியாகக் கையில் எடுங்கள், காதையும் பாதத்தையும் வாயையும் தொட்டுப் பழக்குங்கள், பாத்திரம் விழும் சத்தம், குடை விரிவது எல்லாவற்றையும் தூரத்திலிருந்து கேட்கவும் பார்க்கவும் விடுங்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், 16 வாரம் வரை இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் தொடர வேண்டும். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குறையும் நேரம் குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை. அதுவரை வெளி நாய்கள் திரியும் தரையில் விடாதீர்கள். குட்டி பார்க்க வருபவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வரட்டும். குட்டிகளுக்குக் கடும் கழிச்சலைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புத் தண்ணீருக்கெல்லாம் சாகாது. கேட்பவர்களிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். மூன்று வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் ஒருபோதும் குட்டி கொடுத்ததில்லை.

ஜன்னலோரம் எழுதியது:

இன்று 57-ஆம் நாள். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

உள்ளங்கைத் தட்டு மூன்றாம் நாள் பலித்தது. சுண்டு என் கையிலிருந்து நக்கி நக்கி, கடைசியில் என் கட்டைவிரலையும் கடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு தட்டைத் தரையில் வைத்தாலும் வந்துவிட்டாள். ஆறாம் வாரத்தில் மின்னி ராத்திரி மட்டும் உள்ளே படுத்தாள், ஏழாம் வாரத்தில் அவளாகவே வெளியே வந்து என் கட்டிலுக்குக் கீழே தூங்கத் தொடங்கினாள். மடி மெல்ல வற்றிவிட்டது, கட்டவில்லை.

காத்திருக்கச் சொன்னதில் ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார். இன்னொருவர் மூன்று வாரமும் ஞாயிறுதோறும் வந்து குட்டியோடு உட்கார்ந்துவிட்டுப் போனார். நேற்று அவரிடம் பெரியவனைக் கொடுத்தேன். பூச்சி மருந்தும் ஊசியும் போட்ட தேதிகளை எழுதி, ஒரு வாரத்துக்கான தீவனத்தோடு, மின்னி படுத்த விரிப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

சுண்டு எங்களோடுதான் இருக்கப்போகிறாள். சமையலறைத் தராசில் இப்போது நிற்பதில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு நானே பெரிய தராசில் ஏறி என் எடையைக் கழித்துப் பார்க்கிறேன். இன்று காலை 3 கிலோ 400.